நகரம் என்ற பெயரும் நகராத வருமானமும்: பத்துச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம், தென்காசி, ஆலங்குளம், கடையநல்லூர், வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் ஆகிய தொகுதிகளின் மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நான் முக்கூடலுக்கு அருகிலுள்ள ஒரு பேரூராட்சியில் பிறந்தவள். அதே வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள். என் தாயார் பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார். எந்தக் கட்சிக்காகவும் எந்தக் கட்சிக்கு எதிராகவும் இதை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை எல்லா ஆட்சியிலும் இருந்த குறை. எங்கள் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் சிறு நகரங்களில் வீட்டு வருமானம் மிகக் குறைவாக இருக்கிறது. அப்படிக் குறைவாக இருப்பது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. 'நகர்ப்புறம்' என்று எங்கள் மேல் குத்தப்பட்ட முத்திரை அதை மறைத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் ஒரு குடும்பம் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதை அரசு நேரடியாக அளந்து வந்ததில்லை. எவ்வளவு செலவழிக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. 2022-23ஆம் ஆண்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவர் மாதம் சராசரியாகச் செலவிடும் தொகை ஊரகத்தில் 5,310 ரூபாய், நகர்ப்புறத்தில் 7,630 ரூபாய். இந்த இரண்டாவது எண்ணுக்குள் சென்னை அண்ணா நகரும் இருக்கிறது, கோயம்புத்தூர் பந்தய சாலையும் இருக்கிறது, சுந்தரபாண்டியபுரமும் கீழப்பாவூரும் சிவகிரியும் இருக்கின்றன. சராசரி என்பது உயரமானவரையும் குட்டையானவரையும் ஒரே அளவுச் சட்டைக்குள் திணிப்பது என்று வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்கள் ஊர்களுக்கு அந்தச் சட்டையைத்தான் மாட்டியிருக்கிறார்கள்.

இந்த முத்திரை எப்படி வந்தது என்பது உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2004இல் தமிழக அரசு பேரூராட்சிகளைச் 'சிறப்பு ஊராட்சிகள்' என்று மாற்றியது. ஊரக வளர்ச்சிக்கு மத்திய அரசு தரும் நிதி இங்கும் வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2006இல் அந்த ஆணை திருப்பப்பட்டு, எல்லாம் மறுபடியும் பேரூராட்சிகளாயின. அதே 2006 பிப்ரவரியில்தான் நாட்டில் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அது பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது, நாங்கள் ஏற்கெனவே நகரத்தாராகிவிட்டிருந்தோம். கோப்பு ஒரு பக்கம் போனது, திட்டம் மறுபக்கம் வந்தது. இடையில் எங்கள் தெருக்கள் நின்றன. அதற்குப் பிறகு அந்தத் திட்டத்தின் பெயர் மாறியது, நாள் கணக்கு மாறியது, சட்டமே மாறியது. 'ஊரகம்' என்ற சொல் மட்டும் மாறவில்லை.

எங்கள் பேரூராட்சியின் எல்லைக் கல் ஒரு வாய்க்கால் பாலத்தருகே இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஊராட்சி, இந்தப் பக்கம் பேரூராட்சி. அந்தப் பக்கத்துப் பெண் நூறு நாள் வேலைக்குப் போனால், 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலிப்படி நாளொன்றுக்கு 336 ரூபாய் பெற உரிமையுள்ளவளாக இருந்தாள். முழு நூறு நாளும் எவருக்கும் எளிதில் கிடைத்ததில்லை என்பதும், கூலி மாதக் கணக்கில் தாமதமானது என்பதும் உண்மையே. ஆனாலும் கேட்பதற்கு அவளுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பெண்ணும் அதே குளத்துப் பாசன நிலத்தில்தான் களை எடுக்கிறாள், அதே கடையில்தான் அரிசி வாங்குகிறாள். அவளுக்கு அந்த உரிமை இல்லை. மாறாக, நகரத்துக்குரிய கடமைகள் மட்டும் தவறாமல் வருகின்றன. 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, 600 சதுர அடிக்குக் குறைவான வீட்டுக்கு 25 விழுக்காடும் 1,200 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 50 விழுக்காடும் உயர்ந்ததை எங்கள் ஓட்டு வீட்டுக்காரர்களும் கட்டினார்கள். 'கலைஞரின் கனவு இல்லம்' ஊரகத்துக்கு மட்டும் என்றபோது எங்கள் ஊர் விடுபட்டது. பேரூராட்சிகளை இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று அவற்றின் ஆண்டு வருமானத்தை வைத்து அரசு தரம் பிரிக்கிறது. அங்கே குடியிருப்பவர்களின் வருமானத்தை வைத்துத் தரம் பிரிக்கும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

இனி வீட்டுக்குள் வருகிறேன். முக்கூடல், ஆலங்குளம், கீழப்பாவூர், கடையநல்லூர், மேலப்பாளையம் என்று எந்தத் திசையில் போனாலும் திண்ணையில் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்காமல் நீங்கள் வாக்குக் கேட்டிருக்க முடியாது. அவர்கள் வேலை முதல் நாள் மாலையே தொடங்கிவிடுகிறது. இலையை நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, காலையில் தகட்டை வைத்து அளவாக வெட்டி, நரம்பு நீக்கி, தூள் வைத்துச் சுற்றி, தலையை மடித்து, நூல் கட்டி, கட்டுக் கட்டாக அடுக்கி, பீடிக் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே கழிவு பார்க்கப்படும். கழிவு என்று ஒதுக்கிய பீடிக்குக் கூலி இல்லை. பீடியும் திரும்பி வராது. கொடுக்கும் இலை சொத்தையாக இருந்து எண்ணிக்கை குறைந்தால், வெளியில் காசு கொடுத்து இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும். இவை எதுவும் புதிய செய்தி அல்ல, ஆனால் கூலியைப் பற்றிப் பேசும்போது இவற்றை யாரும் கழிப்பதில்லை.

கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று பேசி முடிவாகிறது. செய்தித்தாளில் அதைப் படிக்கிறவர் அதுவே ஒரு நாள் கூலி என்று எண்ணிக்கொள்கிறார். வீட்டு வேலையும் தண்ணீர் பிடிப்பதும் பிள்ளைகளை அனுப்புவதும் போக, ஒரு பெண் நாள் முழுவதும் குனிந்திருந்தால் எழுநூறு பீடி வரும். ஆயிரம் வருவது கைதேர்ந்தவர்களுக்கு, அதுவும் இன்னொரு கை உதவினால். வாரத்தில் நான்கு நாட்களுக்கு இலை கிடைக்கிறது என்று கொள்வோம். எழுநூறை நான்கால் பெருக்கினால் 2,800. ஆயிரத்துக்கு முந்நூறு ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் வாரத்துக்கு 840 ரூபாய், மாதத்துக்குச் சராசரியாக 3,640 ரூபாய். கழிவும், வெளியில் வாங்கிய இலையும், வருங்கால வைப்பு நிதிப் பிடித்தமும் இதில் இன்னும் கழிக்கப்படவில்லை. மேலே சொன்ன நகர்ப்புறச் சராசரியில் ஒரே ஒருவரின் மாதச் செலவு 7,630 ரூபாய். இந்தப் பெண்ணின் மாத உழைப்பு அதில் பாதிகூட இல்லை. கணவர் பெயிண்ட் அடிப்பவராகவோ, சுமை தூக்குபவராகவோ, புளியரை வழியாகக் கேரளத்து உணவகத்துக்கு வேலைக்குப் போகிறவராகவோ இருப்பார். அவர் அனுப்பும் பணம் சீராக வரும் மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டுகிறேன். சுற்றிக் கொடுத்த பீடியைக் கடையில் பதிந்து தரும் பாஸ் புத்தகம் ஒரு வீட்டில் ஒன்றுதான் இருக்கும். சுற்றும் கைகள் இரண்டு ஜோடியாகவோ மூன்று ஜோடியாகவோ இருக்கும். தாயின் பெயரில் உள்ள புத்தகத்தில் மகளின் உழைப்பும் சேர்ந்து ஏறுகிறது. எனவே பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரிக்கு ஒரு தொழிலாளி நன்றாகச் சம்பாதிப்பதாகத் தெரியும், மகளோ தொழிலாளியாகவே தெரிய மாட்டாள். என் காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் 'பீடி சுற்றத் தெரியுமா, புத்தகம் இருக்கிறதா' என்று கேட்டதுண்டு. இன்று அப்படிக் கேட்பது குறைந்துவிட்டதற்கு நான் வருந்தவில்லை, ஆனால் அந்த இடத்தில் வேறு எந்த வருமானமும் வந்து நிற்கவில்லை என்பதற்கு வருந்துகிறேன்.

முதுமைக்கு என்ன இருக்கிறது? தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இல் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. இன்றும் நான் விண்ணப்பம் எழுதிக்கொடுக்கும் மூதாட்டிகள் அந்தத் தொகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதையும் பெறுவதற்குள், பி.எஃப். பதிவில் 'பேச்சி' என்றும் ஆதாரில் 'பேச்சியம்மாள்' என்றும் இருப்பதைச் சரிசெய்ய எத்தனை முறை பேருந்து ஏற வேண்டியிருக்கிறது என்பதை நான் உடன் போய்ப் பார்த்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தில், பிறந்த தேதிக்குச் சான்று இல்லாத எழுபது வயதுக்காரரிடம் பள்ளி மாற்றுச் சான்றிதழ் கேட்டார்கள். அவர் பள்ளிக்குப் போயிருந்தால் அந்த வரிசையில் நின்றிருக்க மாட்டார். பீடித் தொழிலாளர் நல நிதிக்காக ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய் என்று வசூலிக்கப்பட்ட தீர்வை, 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது நீக்கப்பட்டது. அதற்கென்று ஒதுக்கிய தனி வருவாய் போய், முக்கூடலில் இருக்கும் பீடித் தொழிலாளர் மருத்துவமனையும் பிள்ளைகளின் கல்வி உதவியும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தின் கருணையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தன. 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் கரைந்துவிட்டது. கழிவுக்கு வரம்பு வைத்த பழைய விதிகளின் இடத்தில் மாநில விதிகளில் என்ன எழுதப்படுகிறது என்பதை உங்களில் ஒருவராவது சட்டமன்றத்தில் கேட்க வேண்டும்.

பீடித் தொழிலைக் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தூள் மணம் ஏறிய அறையில் வளர்ந்தவள் நான். என் தாயாரின் இருமலைக் கேட்டுக்கொண்டே தேர்வுக்குப் படித்தவள். அந்தத் தொழில் தேய்வதுதான் நாட்டுக்கு நல்லது. ஆனால் தொழில் தேயும் வேகத்துக்கு அதைச் செய்தவர்களையும் தேய விடலாமா என்பதுதான் கேள்வி.

மற்றத் தொழில்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சங்கரன்கோவிலிலும் புளியங்குடியிலும் விசைத்தறிக்காரர் நூல் விலையோடு மல்லுக்கட்டுகிறார். கூலிக்கு ஓட்டுபவர் வாரக் கணக்குக்குக் காத்திருக்கிறார். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நெய்கிறவர் வீட்டில் அடுத்த தலைமுறை தறியில் உட்காரவில்லை. விக்கிரமசிங்கபுரம் மட்டும் ஒரு காலத்தில் வேறு மாதிரி இருந்தது. 1880களில் பாபநாசத்தில் தொடங்கிய பஞ்சாலை அந்த ஊருக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்றைக் கொடுத்தது. முதல் தேதியில் மளிகைக் கடன் அடைக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் அங்கிருந்துதான் வந்தது என்று என் தந்தையார் சொல்வார். சங்குச் சத்தம் கேட்டுக் கூட்டம் கூட்டமாக ஆள் வெளியே வந்த காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாதச் சம்பளம் இல்லாத ஊரில் மாதத் தேவைகளைக் கடன்தான் நிரப்புகிறது. சனிக்கிழமை கூலி வாங்கினால் திங்கட்கிழமை குழுக்கடன் தவணை. ஒரு நிறுவனத்தின் தவணைக்கு இன்னொரு நிறுவனத்தில் கடன். 2017 அக்டோபர் 23 அன்று காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம், இரண்டு சின்னஞ்சிறு பிள்ளைகளோடு, கந்துவட்டிக்குப் பயந்து திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்து மடிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது கந்துவட்டித் தடைச் சட்டம் வந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2025இல் கடன் நிறுவனங்களின் வன்முறை வசூலைத் தடுக்க இன்னொரு சட்டம் வந்திருக்கிறது, வரவேற்கிறேன். வாசலில் நிற்பவரைச் சட்டம் தடுக்கலாம், கடன் வாங்க வைத்த வருமானக் குறைவை அது தொடாது.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு பதில் கிடைக்கிறது: 'உங்கள் தென்காசியில்தான் ஜோஹோ இருக்கிறதே!' உண்மை. மத்தளம்பாறையில் மென்பொருள் எழுதுகிறார்கள்; எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலரும் அங்கே இருக்கிறார்கள், பெருமைதான். ஆனால் ஒரு வளாகத்தைக் காட்டி ஒரு மாவட்டத்தின் வருமானத்தைப் பேசுவது, ஊரில் ஒரு மாடி வீட்டைக் காட்டி ஊரே மாடி என்பது போன்றது. மறுபுறம், நாங்குநேரியில் தொழில்நுட்பப் பூங்காவுக்கென்று 2,500 ஏக்கருக்கு மேல் ஒதுக்கிய நிலம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் வேலிக்குள் கிடக்கிறது. கங்கைகொண்டானில் சூரிய மின்தகட்டுத் தொழிற்சாலை வந்து, பெண்களைப் பெருமளவில் வேலைக்கு எடுத்திருப்பது இத்தனை ஆண்டுகளில் நான் கண்ட நல்ல மாற்றம். பீடிக் கடைக்குப் போக வேண்டிய பெண் சீருடையில் பேருந்து ஏறுவதைப் பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் அந்த வேலை பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு. அவளுடைய நாற்பத்தைந்து வயதுத் தாய்க்கு என்ன வேலை என்பதற்கு இதுவரை எவரும் விடை சொல்லவில்லை.

அதற்கு விடை தேடிப் போக வேண்டிய தூரம் அதிகமில்லை. கண்ணூரில் 1968இல், பீடித் தொழிலாளர் சட்டத்தைக் கேரள அரசு நடைமுறைப்படுத்தியபோது, மங்களூரைச் சேர்ந்த பெரிய நிறுவனங்கள் கடையைக் கட்டிக்கொண்டு வெளியேறின; ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அடுத்த ஆண்டே அரசின் உதவியோடு தினேஷ் பீடிக் கூட்டுறவு தொடங்கியது. உச்சத்தில் அதில் 42,000 பேர் இருந்தார்கள். பீடி விற்பனை சரியத் தொடங்கியதும் அந்தக் கூட்டுறவு தேங்காய்ப் பால், குடை, ஆடை என்று வேறு பொருள்களுக்குத் திரும்பியது. எல்லோரையும் அது காப்பாற்றிவிடவில்லை. ஆனாலும் தொழில் தேயும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு மாற்று தேடியது. புளியங்குடி எலுமிச்சையும் பாவூர்சத்திரம் காய்கறியும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் இருக்கும் எங்கள் வட்டாரத்தில், பீடித் தொழிலாளர்களின் ஊறுகாய்க் கூட்டுறவு ஒன்றுகூட உருவாகவில்லை என்பதை நான் அரசின் குற்றமாக மட்டும் சொல்லவில்லை. படித்து வெளியே வந்த எங்களைப் போன்றவர்களும் அதைச் செய்யவில்லை.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய செலவுள்ளவை அல்ல. தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் 100 கோடி ரூபாயில், பேரூராட்சிகளைப் பொறுத்தவரை மாவட்டத்துக்கு ஒன்று என்ற அளவில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. கேரளத்தில் அய்யங்காளி பெயரில் 2010 முதலும், இராஜஸ்தானில் 2022 முதலும் நகர்ப்புறத்துக்கு வேலை உறுதித் திட்டங்கள் வந்தன. நம் இரண்டு மாவட்டங்களின் எல்லாப் பேரூராட்சிகளுக்கும் அந்தத் திட்டத்தை விரிவாக்க வேண்டும் என்று நீங்கள் பத்துப் பேரும் கட்சி பாராமல் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால் அது புறக்கணிக்கக்கூடிய கடிதமாக இருக்காது. குளங்களைத் தூர் வார எங்கள் பக்கத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. கீழப்பாவூர்ப் பெரியகுளத்தைப் போய்ப் பாருங்கள். வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரைப் புதிய சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்யும்போது, ஒரு வீட்டில் சுற்றும் ஒவ்வொருவரையும் தனித்தனியே பதியச் சொல்லுங்கள். ஓய்வூதியப் பதிவில் பெயர்ப் பிழை திருத்தும் முகாமை மாதம் ஒருமுறை பேரூராட்சி அலுவலகத்திலேயே நடத்த வைப்பது ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் காரியம். உங்கள் ஒவ்வொருவருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் வருகிறது. அதில் எழும் பயணியர் நிழற்குடைகளும் உயர்கோபுர விளக்குகளும் தேவையானவைதாம். ஆனால் நிழற்குடையில் காத்திருப்பவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்று ஒருநாள் நின்று எண்ணிப் பாருங்கள்.

வருமானத்தை நேரடியாக அளக்கும் முதல் தேசியக் கணக்கெடுப்பை 2026இல் நடத்துவதாக மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் அறிவித்தது. அதன் மாதிரியில் எங்கள் ஊர்கள் ஓரிரண்டுக்கு மேல் விழ வாய்ப்பில்லை. மாநிலப் புள்ளியியல் துறை தன் பங்குக்கு நம் பேரூராட்சிகளில் கூடுதல் மாதிரி எடுத்தால், நான் மேலே போட்ட கணக்கு சரியா தவறா என்பது தெரிந்துவிடும். தவறென்றால் மகிழ்ச்சியோடு திருத்திக்கொள்வேன்.

நகராட்சி நிர்வாகத் துறையின் மானியக் கோரிக்கை அடுத்த முறை விவாதத்துக்கு வரும்போது, உங்களில் ஒருவர் எழுந்து இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் பேரூராட்சிகளில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் எவ்வளவு? அந்த எண் அமைச்சரிடம் இல்லையென்றால், இல்லை என்ற பதிலாவது அவைக்குறிப்பில் ஏறட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்,
தாமிரபரணிக் கரையிலிருந்து.